ஒரு பொட்டலம், ஒரு லிட்டர்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். பேசப்போவது கொஞ்சம் நீளமான விஷயம்.

தொடக்கப் பள்ளிக் கணக்கில் லிட்டர், மில்லிலிட்டர் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு குடம், ஒரு டம்ளர், ஒரு பால் பாக்கெட் என்று படம் போட்டு, எதில் அதிகம் பிடிக்கும் என்று கேட்டிருப்பார்கள். பிள்ளைகள் குடத்தைச் சுற்றி வட்டம் போடுவார்கள். அத்தோடு பாடம் முடிந்தது. அதே வகுப்பில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நாலைந்து பேர் 'வயித்தால போகுது' என்று லீவு போடுவார்கள். அதற்கான மருந்தோ, லிட்டர் கணக்குத் தெரிந்தால்தான் வேலை செய்யும். இந்த இரண்டையும் சேர்த்துவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

உப்புக்கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பொட்டலத்தைத்தான் சொல்கிறேன். பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பெரிய பொட்டலம் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கச் சொல்லியிருக்கும், சின்னது என்றால் 200 மில்லியில். வீடுகளில் நடப்பது வேறு. பெரிய பொட்டலத்தில் பாதியை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கி, 'மடமடன்னு குடிச்சிரு கண்ணு' என்று நீட்டுவோம். மீதியை மடித்து ஃபிரிட்ஜ் மேல் வைப்போம். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய அளவுப்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். இந்த அளவில் இருந்தால் குடல் சுவர் உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும், அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். கரைசல் ரொம்ப அடர்த்தியாகிவிட்டால் கதை தலைகீழ். உடம்பிலிருக்கும் தண்ணீர் குடலுக்குள் இறங்கும், பேதி கூடும். ஒரு லிட்டர் என்றால் எவ்வளவு என்று கைக்குப் பழகாத வீட்டில் அந்தப் பொட்டலம் நன்மைக்குப் பதில் கெடுதலும் செய்யலாம்.

ஒரு மூன்றாம் வகுப்பில் இதைப் பாடமாக நடத்தியதை உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளைகள் அவரவர் தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்தார்கள். எந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி என்று அடியில் அச்சாகியிருப்பதைத் தேடிப் படிப்பது முதல் வேலை. பாதிப் பேருக்குத் தாங்கள் தினமும் தூக்கிவரும் பாட்டிலில் எண் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்து, ஒரு லிட்டர் பாட்டிலிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி எத்தனை டம்ளர் வருகிறது என்று எண்ணினார்கள். ஒரு குழுவுக்கு ஐந்து வந்தது, இன்னொரு குழுவுக்கு நாலும் கொஞ்சமும். 'உங்க டம்ளர் பெருசு' என்று சண்டை. ஆசிரியை சண்டையை அடக்கவில்லை, அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தார். டம்ளர் என்பது அளவு இல்லை, லிட்டர்தான் அளவு என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றைய வீட்டுப்பாடம்: வீட்டில் உள்ள எந்தப் பாத்திரத்தில் சரியாக ஒரு லிட்டர் பிடிக்கும் என்று கண்டுபிடித்து வருவது. மறுநாள் ஒரு பெண் குழந்தை, 'எங்க வீட்டுச் சொம்புல முக்கா லிட்டர்தான் மிஸ் புடிக்குது, அம்மா அதத்தான் லிட்டர்னு நெனச்சிட்டு இருந்தாங்க' என்றாள்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980-இலிருந்து பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பி, தாய்மார்களுக்கு உப்பும் வெல்லமும் கலந்த கரைசலைச் செய்யக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். ஊழியருக்குச் சம்பளம் எத்தனை வீடு ஏறி இறங்கினார் என்பதைப் பொறுத்து அமையவில்லை. பிறகு வேறொருவர் போய்க் கேட்கும்போது அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்க வருகிறதா என்பதைப் பொறுத்து அமைந்தது. நம் பள்ளிகளில் 'சுகாதாரம் பேணுவோம்' என்ற தலைப்பில் எழுதவைக்கும் கட்டுரைகளுக்கு இந்த அளவுகோலை வைத்தால் என்ன ஆகும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சொல்லவருவது இதுதான். தொடக்கப் பள்ளியில் ஆரோக்கியத்துக்கென்று இன்னொரு புத்தகமோ இன்னொரு பீரியடோ தேவையில்லை. பள்ளி நாளில் ஏற்கெனவே சாப்பாடு இருக்கிறது, குழாய் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, பை இருக்கிறது, மைதானம் இருக்கிறது. அவற்றை அளக்கவும், எண்ணவும், படிக்கவும், எழுதவும் விட்டால் போதும். கணக்கும் தமிழும் நடந்த மாதிரியும் இருக்கும், உடம்பும் தேறும். ஒன்றிய அரசு 2020-இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் பள்ளி ஆரோக்கியத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைத் தூதர்களாக நியமிக்கச் சொன்னது. பதினொரு தலைப்புகள், வாரத்துக்கு ஒரு மணி நேரம். நல்ல முயற்சிதான். ஆனால் அது குறிவைத்தது நடுநிலை வகுப்பிலிருந்து மேலே. கீழ் வகுப்புகளுக்கு ஒரு வசதி உண்டு, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. ஒரே ஆசிரியர்தான் காலையிலிருந்து மாலை வரை அந்த வகுப்போடு இருக்கிறார். சாப்பாட்டு வரிசையில் நிற்பவரும் அவர்தான், கணக்குப் போடச் சொல்பவரும் அவர்தான்.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். இதில் தமிழ்நாட்டுக்கு நூறாண்டு அனுபவம். 1920-இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க முடிவெடுத்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று நிபந்தனை. காமராஜரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, அப்புறம் தட்டில் ஏறிய முட்டை, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி மறு ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவு. உலகத்தில் பல இடங்களில் இன்னும் பேசிக்கொண்டிருப்பதை நாம் தட்டில் போட்டுக்கொண்டிருக்கிறோம். பசித்த வயிறோடு காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளையிடம் சத்துணவுப் பிரமிடு படத்தைக் காட்டிப் பயனில்லை என்பதை நம் அரசியல்வாதிகள் கல்வியாளர்களுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள்.

ஆனால் அந்தத் தட்டு வகுப்பறைக்குள் வருவதில்லை. மணி அடிக்கிறது, சாப்பிடுகிறார்கள், தட்டைக் கழுவுகிறார்கள், திரும்ப வந்து புத்தகத்தில் 'புரதம் எதில் உள்ளது' என்ற கேள்விக்கு விடை எழுதுகிறார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவில் 450 கலோரி, 12 கிராம் புரதம் என்பது தேசிய அளவு. அதற்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி என்று கணக்கு. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். மதிய உணவுக்குரிய 12-இல் பாதியை அந்த ஒரு முட்டையே தந்துவிடுகிறது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுப் பார்க்கட்டும், முட்டையை மறைத்துக் குப்பையில் போடும் பழக்கம் கொஞ்சம் குறையும். பள்ளியில் 64 பேர் என்றால் பருப்பு எத்தனை கிலோ? ஒரு கிலோ 280 கிராம். இதைச் சத்துணவு அமைப்பாளர் தினமும் மனக்கணக்காகப் போடுகிறார். மாதம் ஒருமுறை அவரை வகுப்புக்கு அழைத்து நாற்காலி போட்டு, பிள்ளைகள் அவரிடம் கேள்வி கேட்டால் என்ன? ஆயாம்மா என்று கூப்பிட்டுத் தட்டை நீட்டும் பழக்கத்தோடு, அவர் கையில் இருப்பதும் ஒரு கணக்குதான் என்கிற மரியாதையும் சேரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாப்பாட்டைப் பாடமாக்குவது வேறு, பிள்ளையின் டப்பாவைத் திறந்து பார்த்து மதிப்பெண் போடுவது வேறு. தனியார் பள்ளிகள் சிலவற்றில் 'ஆரோக்கிய டப்பா' போட்டி வைக்கிறார்கள். பழைய சோறும் மோர் மிளகாயும் கொண்டுவரும் பிள்ளை அன்றைக்கு மூடியைத் திறக்கமாட்டாள். அவள் டப்பாவில் என்ன இருக்கிறது என்பதை அவள் முடிவு செய்யவில்லை. எடையும் அப்படித்தான். வரிசையில் நிற்கவைத்து எடை பார்த்து உரக்கப் படித்தால், குண்டு என்ற பட்டப்பெயர் மறுநாளே பிறந்துவிடும். உயரமும் எடையும் பாடமாகலாம், ஆனால் ஒப்பீடு அதே பிள்ளையின் ஜூன் மாத அளவோடு மட்டும் இருக்க வேண்டும். சுவரில் ஒட்டிய காகித நாடாவில் தன் பெயருக்கு நேராக ஒரு கோடு, ஜனவரியில் அதற்கு மேல் இன்னொரு கோடு, நடுவில் எத்தனை சென்டிமீட்டர் என்ற கழித்தல். அது போதும்.

இப்போது கொஞ்சம் அருவருப்பான விஷயத்துக்கு வருகிறேன். பிஸ்கட் கையில் இருந்தால் முதலில் சாப்பிட்டுவிடுங்கள்.

2015-இல் தொடங்கிய திட்டப்படி நாடு முழுக்கப் பிப்ரவரி 10-ஐயும் ஆகஸ்டு 10-ஐயும் ஒட்டிப் பள்ளிகளில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கிறார்கள். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று விழுங்க வேண்டும். ஆசிரியர் மாத்திரையைக் கொடுத்து, பதிவேட்டில் டிக் அடித்து, அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவில்லை, பதிவேடுகளே அவருக்குப் பத்து இருக்கும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல பயணக் கதை வேறு எங்கே கிடைக்கும்?

உருண்டைப்புழுவின் கதையைக் கேளுங்கள். மண்ணில் கிடக்கும் அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாது. விழுந்த உடனே ஆபத்தும் இல்லை; ஈரமும் சூடும் உள்ள மண்ணில் சில வாரங்கள் கிடந்து பக்குவப்பட வேண்டும். கோலிக்குண்டு விளையாடிய விரலோடு, கழுவாத கேரட்டோடு வாய்க்குள் போகிறது. குடலில் பொரிகிறது. பொரிந்த குஞ்சு அங்கேயே உட்கார்ந்துவிடாது. குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போகும். அங்கிருந்து மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறி வரும். பிள்ளை இருமி அதை விழுங்கிவிடும். மறுபடி குடல். இந்த முறைதான் வளர்ந்து பெரிதாகித் தங்கும். பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் முட்டை இடும். இடமதிப்புப் பாடத்தில் லட்சம் என்ற எண்ணை எழுதிக் காட்ட எவ்வளவோ சிரமப்படுகிறோமே, இந்த எண்ணை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வகுப்பு முழுக்க 'ச்சீ' என்று கத்தும், ஒருவரும் மறக்கமாட்டார்கள். கொக்கிப்புழு வாய்க்குக் காத்திருப்பதில்லை, வெறுங்காலைத் துளைத்துக்கொண்டு நேரே உள்ளே போகும். செருப்பு எதற்கு என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் தேவையா?

கதையைச் சொன்ன பிறகு பிள்ளைகள் படமாக வரைவார்கள், புழுவே தன் கதை சொல்வதாக எழுதுவார்கள். தமிழ்ப் பாடம் நடந்துவிட்டது. எந்த இடத்தில் வழியை அடைக்கலாம் என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள்: கழிப்பறை, கை, காய்கறி, செருப்பு, மாத்திரை. புழு நீக்கம் படிப்பை எவ்வளவு உயர்த்தும் என்பதில் பொருளாதார அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. கென்யாவின் புசியா மாவட்டத்தில் 75 பள்ளிகளை வைத்து மைக்கேல் கிரெமரும் எட்வர்ட் மிகெலும் செய்த ஆய்வு, பள்ளிக்கு வராத நாள்கள் வெகுவாகக் குறைந்தன என்றது. அதே தரவை மறுபடி எடுத்து அலசியவர்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். அந்த வழக்கு நடக்கட்டும். வயிற்றில் புழுவோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பதற்கு மதிப்பெண் சாட்சி தேவையில்லை.

கை கழுவுவது அடுத்தது. இதற்குப் பாட்டு உண்டு, படம் உண்டு, அக்டோபர் 15 என்று தனி நாளே உண்டு. இவ்வளவு இருந்தும் பிள்ளைகள் விரல் நுனியை மட்டும் தண்ணீரில் காட்டிவிட்டு ஓடுகிறார்கள். ஏன்? அழுக்குத் தெரிந்தால்தானே கழுவுவார்கள். ஒரு சாக்பீஸை நன்றாகப் பொடித்து ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் பூசிவிடுங்கள், கலர் சாக்பீஸ் என்றால் இன்னும் நல்லது. பத்து நிமிடம் வழக்கம்போல் இருக்கச் சொல்லுங்கள். பிறகு வகுப்பைச் சுற்றித் தேடவிடுங்கள். கதவுத் தாழ்ப்பாள், பக்கத்தில் இருக்கும் பையனின் சட்டை, தண்ணீர் பாட்டிலின் மூடி, தன் மூக்கு நுனி. எங்கெங்கே நிறம் ஒட்டியிருக்கிறது என்று பட்டியல் எழுதும்போது முதலில் சிரிப்பார்கள், மூக்கைக் கண்டுபிடித்ததும் கொஞ்சம் அமைதியாவார்கள். பிறகு வெறும் தண்ணீரில் கழுவினால் என்ன போகிறது, எண்ணெய் தடவிய கையில் என்ன ஆகிறது, சோப்பு போட்டால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். சோப்பு எண்ணெய்ப் பசையைப் பிரித்துத் தண்ணீரோடு அனுப்புகிறது என்பது அறிவியல் பாடம்.

கணக்குப் பாடம் இனிமேல்தான். அறுபது பிள்ளைகள், மூன்று குழாய்கள். இருபது நொடி தேய்த்து, அலசி, நகர்ந்து, அடுத்தவர் வர மொத்தம் நாற்பது நொடி என்று வையுங்கள். ஒரு குழாய்க்கு இருபது பேர், 800 நொடி, பதிமூன்று நிமிடத்துக்கு மேல். சாப்பாட்டு மணி அடித்தபின் பதிமூன்று நிமிடம் எந்தப் பிள்ளை வரிசையில் நிற்கும்? ஆகவே, கை கழுவாதது பிள்ளையின் சோம்பேறித்தனம் என்று நாம் நினைத்தது உண்மையில் குழாய்களின் எண்ணிக்கை. பிலிப்பைன்ஸ் தொடக்கப் பள்ளிகளில் இதை நேராகவே தீர்த்தார்கள். 'ஃபிட் ஃபார் ஸ்கூல்' என்ற திட்டத்தில் நீளமான குழாய் ஒன்றில் வரிசையாகத் துளை போட்டு, ஒரு குழுவே ஒரே நேரத்தில் சேர்ந்து நின்று கை கழுவுகிறது, பல்லும் துலக்குகிறது, தினமும். செலவு ஒரு பிளாஸ்டிக் குழாயும் கொஞ்சம் வேலையும். நம் ஊர் பிளம்பர் அரை நாளில் செய்துவிடுவார். சோப்பு காணாமல் போகிறது என்ற புலம்பலுக்கும் வழி உண்டு. பழைய சாக்ஸில் போட்டுக் குழாயோடு கட்டிவிட்டால் அது எங்கும் போகாது.

தண்ணீர் குடிப்பதும் இதே கதை. கேரளத்தில் 2019-இல் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்று தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். 'வாட்டர் பெல்' என்று பெயர் பரவி, அண்மையில் தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறது. நல்லது. ஆனால் மணி அடித்தும் சில பெண் குழந்தைகள் பாட்டிலை உதட்டில் வைத்துவிட்டு மூடிவிடுவார்கள். கவனித்துப் பாருங்கள். தனியாக அழைத்துக் கேட்டால், 'ஒண்ணுக்கு வந்துச்சுன்னா எங்க மிஸ் போறது, அங்க தாப்பா இல்ல' என்று பதில் வரும். காலை எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி மாலை நாலரைக்குத் திரும்பும்வரை அடக்கிவைப்பதற்காகவே தண்ணீரைக் குறைக்கிறார்கள். அதன் பலன் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், மதியத்துக்கு மேல் தலைவலி. இந்தப் பிள்ளைக்குத் 'தினமும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்' என்று கற்பித்து என்ன பயன்? அவளுக்கு அது தெரியும். தாழ்ப்பாள் இல்லாத கதவு அவளுக்கு வேறொன்றைக் கற்பித்திருக்கிறது, அதை அவள் ஒழுங்காகப் பின்பற்றுகிறாள். புத்தகம் ஒன்று சொல்லி, கட்டடம் வேறொன்று சொன்னால் பிள்ளை கட்டடத்தைத்தான் நம்பும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், ஆரோக்கியக் கல்வி என்ற பெயரில் பெரியவர்கள் செய்யவேண்டிய வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டும் பழக்கம் நம்மிடம் அதிகம். இருப்பதிலேயே சுலபமான உதாரணம், பை. 2020-இல் வந்த தேசியப் பள்ளிப் பைக் கொள்கைப்படி பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. ஒரு தொங்கு தராசை வாங்கி ஒரு வாரம் நாலாம் வகுப்புப் பைகளை எடை போட்டுப் பாருங்கள். இருபத்தைந்து கிலோ பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ வரம்பு. எந்தக் கிழமையில் எடை கூடுகிறது என்று வரைபடம் போட்டால், அது கால அட்டவணையின் வரைபடமாக இருக்கும். 'பையை நிமிர்ந்து சுமக்கவும்' என்று பிள்ளைக்குச் சொல்வதா, தலைமை ஆசிரியர் அட்டவணையை மாற்றுவதா? பிள்ளைகள் கண்டுபிடித்தது பள்ளிக்கு வீட்டுப்பாடமாகப் போக வேண்டும். அப்போதுதான் அளப்பதால் ஏதோ நடக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வரும்.

கண்ணைப் பற்றி ஒரு செய்தி, இது பலருக்குத் தெரியாது. சீனாவின் குவாங்சோவில் பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகளை எடுத்து, ஆறு பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக நாற்பது நிமிடம் வெளியில் ஒரு வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே வந்த பிள்ளைகளில் 30.4 சதவீதம். 2015-இல் வெளியான இந்த முடிவு கண் மருத்துவர்களிடையே பெரிதாகப் பேசப்பட்டது. தைவான் அதற்கு முன்பே, 2010-இலிருந்து, நாளுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்கச் சொல்லிப் பள்ளிகளைத் தூண்டிவந்தது. பகல் வெளிச்சம்தான் முக்கியம், வெயிலில் காய வேண்டியதில்லை. வேப்பமர நிழலில்கூட வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். நம் ஊரில் என்ன செய்கிறோம்? பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் கடன் வாங்கிக்கொள்கிறது, திருப்பித் தருவதில்லை. கணக்கையே வெளியே கொண்டுபோனால் கடனே வேண்டாம். மரத்தின் சுற்றளவு, நிழலின் நீளம், மைதானத்தின் சுற்றளவை நடந்து எண்ணுவது எல்லாமே கணக்குதான். தமிழ்நாட்டு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை தரையில் உட்கார்ந்து, ஆடிப் பாடி நடத்துவது ஆசிரியர்களுக்குக் கைவந்த பழக்கம். அந்தப் பாயை வாசலுக்கு வெளியே விரித்தால் போதும்.

அடுத்தது இரும்புச்சத்து, இதில் நம் கையிலிருக்கும் டீக்கும் பங்கு உண்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்தப் பிள்ளைகளில் பலர்தான் இப்போது தொடக்கப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வயதுக்கு வாரம் ஒன்று இளஞ்சிவப்பு மாத்திரை, 45 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம். இதைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். இதை முன்கூட்டியே சொல்லாத பள்ளியில் முதல் வாரத்திலேயே அம்மாக்கள் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இரண்டு வரி, டைரியில் எழுதி அனுப்பினால் தீர்ந்தது. பிள்ளையையே எழுதச் சொன்னால் அது கடிதப் பயிற்சி. சாப்பாட்டோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சையும் நெல்லியும் சேரவிடும். காலையில் டீயும் வர்க்கியும் தின்றுவிட்டு வரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கைதூக்கச் சொல்லிப் பாருங்கள். நமக்கு வயதாகிவிட்டது, அவர்களுக்கு வேண்டாம்.

கடைத்தின்பண்ட விஷயத்தில் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி சொல்கிறது. பள்ளி வாசலில் நின்று பார்த்தால் விதி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். எனக்கு இதில் தடையைவிட வாசிப்பில்தான் நம்பிக்கை. காலி உறைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அச்சிட்ட எழுத்து இவ்வளவு இலவசமாக வேறெங்கும் கிடைக்காது. 100 மில்லிக்குச் சர்க்கரை 10 கிராம் என்றால் 200 மில்லி பாட்டிலில் எத்தனை, ஒரு டீஸ்பூன் நாலு கிராம் என்றால் எத்தனை டீஸ்பூன் என்று போட்டு, ஐந்து ஸ்பூன் சர்க்கரையை ஒரு கண்ணாடி டம்ளரில் கொட்டிக் காட்டினால் சொற்பொழிவு வேண்டாம். உறையின் முன்பக்கம் சொல்வதற்கும் பின்பக்கம் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பெரியவர்களையே ஏமாற்றியிருக்கிறது. ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுச் சர்க்கரை அதிகமான பானங்கள் மருந்துக்கடைகளிலேயே விற்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்கு ஒத்துவராத பானங்கள் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில்தான் ஆணையம் தடுத்தது. பேதியில் இருக்கும் பிள்ளைக்கு அதை வாங்கிக்கொடுத்த பெற்றோர் படிக்காதவர்கள் இல்லை. பின்பக்கத்தைப் படிக்காதவர்கள்.

மனநலம் பற்றியும் கேட்பீர்கள். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-இல் தலாய் லாமா தொடங்கிவைத்து மகிழ்ச்சிப் பாடத்திட்டம் வந்தது. கண்மூடி அமைதியாக இருப்பது, கதை, பேச்சு. நல்ல ஆசிரியர் கையில் அது நன்றாக நடக்கும். என் அபிப்பிராயம், ஏழு வயதுப் பிள்ளைக்கு நடு வகுப்பில் ஐந்து நிமிடம் எழுந்து குதிக்க விட்டாலே பாதி மனநலம் வந்துவிடும். மீதிப் பாதி, தப்பாகச் சொன்னால் வகுப்பு சிரிக்காது என்ற உறுதி. இரண்டுக்கும் புத்தகம் தேவையில்லை.

பிள்ளை கற்றதை வீட்டுக்குக் கொண்டுபோவது பற்றி ஒரு வார்த்தை. நைஜீரியாவின் இலேஷா ஊரில் வேலை பார்த்த டேவிட் மோர்லி என்ற குழந்தை மருத்துவர், அங்கே தம்பி தங்கைகளை வளர்ப்பது பெரும்பாலும் அக்கா அண்ணன்கள்தான் என்று கவனித்தார். இடுப்பில் குழந்தையைச் சுமக்கும் ஒன்பது வயதுப் பெண்ணுக்குக் கற்பித்தால் அந்த வீட்டுக்கே போய்ச்சேரும் என்ற எண்ணத்தில், கல்வியாளர் ஹியூ ஹாஸோடு சேர்ந்து 1978-இல் லண்டனில் 'சைல்ட்-டு-சைல்ட்' என்ற முறையைத் தொடங்கினார். நம் கிராமங்களுக்கு இது அப்படியே பொருந்தும். ஆனால் ஒரு எல்லை உண்டு. தம்பிக்குக் கரைசல் கலக்கத் தெரிவது பிள்ளைக்குப் பெருமை. அப்பாவின் பீடியைப் பிடுங்கச் சொல்வதும், குடிக்கும் அப்பாவைத் திருத்தச் சொல்வதும் அவளை அடிவாங்க அனுப்புவது. 'வீட்டில் போய்ச் சொல்லுங்கள்' என்று சொல்லும் முன் எந்த வீடு என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் பெற்றோர் என்றால் உங்களுக்கும் வேலை இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், குழுவில் பாதிப் பேர் பெண்கள். அதே சட்டத்தின் அட்டவணையில் ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் 'பிள்ளைங்களுக்கு நல்ல பழக்கம் சொல்லிக்குடுங்க டீச்சர்' என்று பொதுவாகச் சொல்லி டீ பிஸ்கட் சாப்பிட்டு வராதீர்கள். அரை மணி நேரம் முன்னதாகவே போய் கழிப்பறைக் கதவைத் திறந்து பாருங்கள், தாழ்ப்பாள் உட்புறம் விழுகிறதா என்று போட்டுப் பாருங்கள். குழாய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டுமா என்று உங்கள் மகளையே நிற்கவைத்துப் பாருங்கள். சோப்பு எந்தக் கணக்கில் வாங்குகிறார்கள், கடைசியாக எப்போது வாங்கினார்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் தேதியோடு எழுதச் சொல்லிவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.